ஒரு பெருமை உட்கார்ந்திருக்கிறது

ஜூன் 3

என் அன்பு மருமகள் சுண்டுவுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலமில்லாதவர்களும் வெளியே சொல்லிக்கொள்ளாமல் நலமாக இருக்கிறார்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு பஸ் வந்துவிடுகிறது. கடிதத்தில் பஸ் வராது. நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

உன் படம் 'காலி எடை' நம் தியேட்டரில் வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டது. கூட்டம் என்றால் கூட்டம்! வாசலில் நிற்க இடமில்லை. உள்ளே உட்கார நிறைய இடம் இருந்தது, அது வேறு விஷயம். நடு வரிசையில் நடு சீட்டில் நான். டைரக்டருடைய தாய்மாமன் என்று டிக்கெட் கிழிப்பவரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று கிழித்தார்.

படம் ஆரம்பித்தது. என் அத்தான், அதாவது உன் அப்பா, லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுக்கும் அதே எடைமேடை, விடியற்காலை. தூரத்தில் ஒரு லாரியின் இரண்டு விளக்குகள். வருகிறது. வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், "வண்டி பஞ்சரா?" என்றார். "பொறுங்க, இது கலை" என்றேன். கடைசியில் லாரி மேடையில் ஏறி நின்றது பார், திரை முழுக்கத் தார்ப்பாயின் சிவப்பு! சீட் கவர் கடை வைத்த நாளிலிருந்து ரெக்சின் வாங்குகிறவன் நான். அப்படி ஒரு சிவப்பை இன்னும் எந்தக் கம்பெனியும் போடவில்லை. அந்தச் சிவப்பின் மேல் மெதுவாக வெயில் ஏறியது. மருந்துக்கடைக்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "பயப்படாதீங்க, நீங்க ஒண்ணையும் விட்டுடலை" என்றேன்.

பாதியில் சிலர் எழுந்து போனார்கள். நீ மனதைத் தளரவிடாதே, காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். குறை படத்தில் இல்லை, சீட்டில்! பஞ்சு செத்து, ஸ்பிரிங் குத்துகிறது. மற்ற படங்களில் சண்டை, பாட்டு என்று ஓடுவதால் மனுஷனுக்கு முதுகு ஞாபகம் வருவதில்லை. உன் படத்தில் வருகிறது.

நேராக மேனேஜரிடம் போனேன். திங்கட்கிழமை படத்தைத் தூக்கப்போவதாகச் சொன்னார். "தூக்காதீங்க. நடு வரிசைக்கு நான் பஞ்சு மாத்தித் தர்றேன், கூலி வேண்டாம்" என்றேன்.

"ஏங்க, சீட்டுக்கு ஏத்த மாதிரி படத்தை மாத்துவாங்க. படத்துக்காக சீட்டை மாத்தறது உங்க குடும்பம்தாங்க!" என்றார். அப்படி ஒரு பாராட்டு. படம் ஓடுகிறது.

அத்தானுக்கு வேலை நெருக்கடி, லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நாளையோ மறுநாளோ படம் பார்க்க வந்துவிடுவார்.

இப்படிக்கு,
உலகப் புகழ்பெற்ற டைரக்டருக்கு உலகத்திலேயே இருக்கிற ஒரே மாமா

---

ஜூன் 11

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கொஞ்ச நாளாகச் சிரிக்கவில்லை.

இங்கே இரண்டு விமர்சனங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, 'பார்வையாளர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை' என்கிறது. இன்னொன்று, 'கண்ணுக்கு விருந்து, மற்ற எல்லாவற்றுக்கும் பட்டினி' என்கிறது. திரையிட்ட பிறகு ஒருவர் எழுந்து, இந்த லாரிகள் எதற்குக் குறியீடு என்று கேட்டார். லாரிகள் லாரிகள்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அதெல்லாம் போகட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அப்பா பார்த்தாரா? என்ன சொன்னார்?

வங்கி வேலையை விடுகிறேன் என்றபோது 'ம்' என்றார். எடைமேடையில் படம் எடுக்கட்டுமா என்றபோதும் 'ம்'. ஒரு வருஷம் அங்கேயே எடுத்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படத்தையே எடுத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. போனில் கேட்டால் 'சாப்பிட்டியா' என்பார்.

அவர் என்ன சொன்னாலும் சரி, சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள் மாமா. ஜரிகை வேண்டாம்.

உங்கள்,
சுண்டு

---

ஜூன் 19

என் அன்பு மருமகளுக்கு,

ஜரிகை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் என்றைக்கு ஜரிகை வைத்தேன்? உள்ளதை உள்ளபடி சொல்லியே வாழ்க்கையில் முன்னுக்கு வராமல் போனவன் நான்.

நடு வரிசை முடிந்தது, அதற்குப் பின் வரிசையும் முடிந்தது. பலன் கண்கூடு. மருந்துக்கடைக்காரர் இரண்டாம் முறை வந்தார். அவர் வீட்டில் மின்விசிறி ரிப்பேர் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள், நீ நம்பாதே. சிவப்புத் தார்ப்பாய் லாரிக்குச் சொந்தக்காரர் மீசை டிரைவர் குடும்பத்தோடு வந்தார். தன் வண்டி திரையில் நின்ற நேரமெல்லாம் கை தட்டினார். கை வலி எடுத்ததும், "கொஞ்சம் நீ தட்டு" என்று மனைவியிடம் ஒப்படைத்தார்.

பெரிய பத்திரிகையில் முழுப் பக்க விமர்சனம் வந்திருக்கிறது. வாங்கியதும் நேராக எடைமேடைக்கு ஓடினேன். கேபின் ஜன்னல் முன்னால் டிரைவர்கள் எடைச் சீட்டுக்காக நிற்கிறார்கள். அத்தான் உள்ளே. அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன். நிறைய வார்த்தைகள் வாய்க்குள் நுழையவில்லை, நுழைந்தவரைக்கும் தங்கம். முக்கியமான வரியை மட்டும் சொல்கிறேன்: 'இந்தப் படத்தின் நடுவில் இருப்பது ஒரு மனிதர் அல்ல, அங்கே ஒரு பெருமை உட்கார்ந்திருக்கிறது.'

யாரைப் பற்றி? நம் அத்தானைப் பற்றி! டிரைவர்கள் "ஆஹா" என்றார்கள். மீசை டிரைவர், "சார், பெருமையோட கையால சீட்டு வாங்கறோம்" என்றார். அத்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரிகையை என்னிடமிருந்து வாங்கி, அந்த இடத்தைத் தானே ஒரு முறை படித்தார். பிறகு மடித்து மேசை டிராயரில் வைத்து மூடினார். டிராயரில் வைத்தார் என்றால் எவ்வளவு பூரித்துப் போயிருக்க வேண்டும், நீயே யோசித்துக்கொள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அத்தான் படம் பார்த்துவிட்டார்.

நான் பஞ்சு மாற்றிய சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை, அசையவில்லை. படம் முடிந்து வாசலுக்கு வந்ததும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. சொன்னார்: "என் பொண்ணு என்னை நிறுத்தி எடை போட்டுட்டா. ஒரு கிராம்கூடக் குறைக்கலை."

சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன், ஒரு நூல் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
பெருமையின் மைத்துனன்

---

ஜூன் 30

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கிராம்கூடக் குறைக்கலை. அப்பாவா இப்படிச் சொன்னார்?

ஆனால் மாமா, அந்தப் பத்திரிகை எனக்கும் வந்தது. அதில் இருப்பது 'பெருமை' இல்லை. 'வெறுமை'. 'ஒரு வெறுமை உட்கார்ந்திருக்கிறது.' நீங்கள் பெருமை என்று சத்தமாக வாசித்திருக்கிறீர்கள். அப்பா கையில் வாங்கி வெறுமை என்று படித்திருக்கிறார், அத்தனை டிரைவர்களுக்கும் முன்னால்.

போதாததற்குப் படத்தின் பெயர் வேறு. சரக்கு இல்லாமல் வண்டி மட்டும் இருக்கும் எடைதான் காலி எடை, அது தெரியாமல் எந்தச் சரக்கையும் நிறுக்க முடியாது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அந்தச் சொல் பிடித்துப்போய் வைத்தேன். வெறுமை என்று படித்த பிறகு, காலி என்றதும் தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்படி எடுத்துக்கொண்டும் போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். எனக்கு இதற்கு மேல் யாருடைய விமர்சனமும் வேண்டாம்.

நேற்று திரையிட்டபோது ஒரு பெண்மணி எழுந்து, "சொந்த அப்பாவைப் பொம்மை மாதிரி உட்கார வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறீர்களே" என்றார். வழக்கமாகத் தடுமாறுவேன். நேற்று அப்பா சொன்னதைச் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். விநியோகஸ்தர் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போஸ்டரில் போடுகிறார். நம் ஊருக்கும் வரும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

உங்கள்,
சுண்டு

---

ஜூலை 9

என் அன்பு மருமகளுக்கு,

பெருமை, வெறுமை விஷயம் படித்தேன். அச்சுக்காரர்களுக்கு இப்போதெல்லாம் அக்கறை போதாது. எழுத்தைப் பெரிதாகப் போட்டால் என்ன?

போஸ்டர் எதற்கு என்று யோசித்தேன். நல்ல படத்துக்கு விளம்பரம் தேவையில்லை என்று விநியோகஸ்தரிடம் நான் சொன்னதாகச் சொல். அச்சடித்ததை நிறுத்திவைக்கலாம், எதுவும் கெட்டுப்போகாது.

இந்த வரி எழுதி முடிப்பதற்குள் இங்கே போஸ்டர் வந்து, ஒட்டியும் விட்டார்கள். மழைக்குத் தாங்காது என்று பட்டதால், கண்ணில் பட்ட போஸ்டர்களின் மேலெல்லாம் என் கடை விளம்பரத்தை ஒட்டிப் பாதுகாப்புச் செய்துவிட்டேன். எடைமேடைக்கு எதிர்ச் சுவரில் இருந்த ஒன்றுதான் பாக்கி. பசை வாளியோடு நான் அங்கே போனபோது அத்தான் ஏற்கனவே அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அடக்கம் பார் மனுஷனுக்கு! "இதை யாருப்பா சொன்னது?" என்று கேட்டார். "நீங்கதான் அத்தான்" என்றேன். "எப்போ?" என்றார். மீசை டிரைவர் வண்டியில் இருந்தபடியே, "சார், பெரியவங்க சொன்னதை அவங்களே ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க சார்!" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அத்தானும் சிரித்திருப்பார், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு யோசனை. நீ அவருக்குப் போன் செய்தால் இதைப் பற்றிப் பேச வேண்டாம். கூச்ச சுபாவம். மழை, சாப்பாடு, தூக்கம் என்று பொதுவாகப் பேசு.

அவசரத்தில்,
உன் மாமா

---

ஜூலை 18

மாமா,

அப்பாவுக்குப் போன் செய்தேன். "சாப்பிட்டியா" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பிறகு போஸ்டரைப் பற்றிக் கேட்டேன்.

"நான் இன்னும் படம் பார்க்கலைம்மா. அதைச் சொன்னது நான் இல்லை. நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இல்லை" என்றார். அப்புறம், "மாமாவைத் திட்டாதே. அவனுக்கு நம்ம ரெண்டு பேர் மேலயும் பாசம்" என்றார். இந்த வருஷத்தில் அவர் என்னிடம் அதிகமாகப் பேசியது அதுதான்.

இங்கே எல்லாச் சுவர்களிலும் அந்த வரி இருக்கிறது. எடுக்கச் சொன்னேன், விநியோகஸ்தர் சிரிக்கிறார். வெறுமை என்று எழுதினாரே, அவரே அந்த வரியைப் படித்துவிட்டுத் தான் அவசரப்பட்டுவிட்டதாக இன்னொரு கட்டுரை எழுதியிருக்கிறார். திட்டியவர்கள் எல்லோரும் இப்போது பாராட்டுகிறார்கள். அவர்கள் பாராட்டுவது என் படத்தை இல்லை மாமா, உங்கள் வசனத்தை. நான் மேடையில் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இனிமேல் அப்பாவைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள். ஊரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிடுங்கள், சிரித்துக்கொண்டு படிக்கிறேன். அப்பாவைப் பற்றி ஒரு வரி கண்ணில் பட்டாலும் அங்கேயே மடித்து வைத்துவிடுவேன். எது அவர், எது நீங்கள் என்று இனி எனக்குப் பிரிக்கத் தெரியாது.

அவரிடமும் இனிக் கேட்கப் போவதில்லை. கேட்டால், நான் வருத்தப்படக் கூடாதே என்று எதையாவது நல்லதாகச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

சுண்டு

---

ஜூலை 29

சுண்டு,

இந்தக் கடிதம் முழுக்க அத்தானைப் பற்றித்தான். முதலிலேயே சொல்லிவிட்டேன். மடிப்பதென்றால் இங்கேயே மடி. ஆனால் எறியாதே, வைத்திரு.

நேற்று படத்தின் கடைசி நாள், மதியக் காட்சி. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது என்று எழுதி அடித்திருக்கிறேன் பார், தூறல்தான். நான் நடு வரிசையில் இருந்தேன். விளக்கை அணைத்த பிறகு யாரோ உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். இருமலை வைத்து அத்தான் என்று தெரிந்துகொண்டேன். நான் கூப்பிடவில்லை. அவர் உட்கார்ந்தது நான் கை வைக்காத சீட், நன்றாகக் குத்தியிருக்கும். எழுந்து போகவில்லை. நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன், ஆனால் இருட்டில் முகம் தெரியவில்லை. அழுதாரா, சிரித்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். எதுவும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சேர்ந்து நடந்தோம். சைக்கிள் கடை தாண்டியதும் நின்றுவிட்டார்.

"அவ நின்னுக்கிட்டேவா இருந்தா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாரு அத்தான்?"

"சுண்டு. எடுக்கும்போது. நான் கேபினுக்குள்ள உட்கார்ந்திருக்கேன். வெயில் வருது, மழை வருது, வண்டி எவ்வளவு நேரம் நிக்குது. அவ்வளவு நேரமும் அவ வெளியில நின்னுக்கிட்டேவா இருந்தா? உட்கார ஏதாவது வச்சிருந்தாளா?"

"தெரியலையே அத்தான்."

"நான் நிமிர்ந்தே பார்க்கலைப்பா. கேமரா பக்கம் பார்க்கக் கூடாதுன்னு அவ சொல்லியிருந்தா. பார்க்கவே இல்லை." பிறகு, "கேட்டுச் சொல்லு" என்றார்.

"நீங்களே போன்ல கேளுங்க அத்தான்."

"நான் கேட்டா, இல்லப்பா, உட்கார்ந்துதான் இருந்தேன்னு சொல்லிடுவா. நீ கேளு."

அவ்வளவுதான். படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பத்திரிகையைப் பற்றியோ படத்தின் பெயரைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. எடைமேடைக்குத் திரும்பிப் போய்விட்டார், வண்டிகள் காத்திருந்தன.

நீ நம்பமாட்டாய். நம்ப வைக்க எனக்கும் வழி தெரியவில்லை. சத்தியம் செய்யலாம் என்றால், என் சத்தியத்துக்கு உன்னிடம் என்ன மதிப்பு இருக்கிறது? அத்தானையே ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன், "நீ எழுதினாப் போதும்" என்கிறார். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒன்றை மட்டும் யோசித்துப் பார். இதை நான் கட்டியிருந்தால் இன்னும் நன்றாகக் கட்டியிருப்பேன். கண்ணீர் வைத்திருப்பேன், உன்னை ஒரு வார்த்தை புகழ்ந்திருப்பேன். இதில் ஒன்றும் இல்லை. கேள்வி மட்டும்தான் இருக்கிறது.

பதில் போடு.

உன் மாமா

---

ஆகஸ்ட் 21

சுண்டு,

பதில் வரவில்லை. கடிதம் கிடைக்காமல் இருந்திருக்கலாம், கிடைத்து மடித்தும் வைத்திருக்கலாம்.

அத்தான் வேலை முடிந்ததும் தினமும் என் கடைக்கு வருகிறார். முதல் வாரம் "எழுதிட்டாளா?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. வந்து நிற்கிறார். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டால், "இருக்கட்டும்" என்று நின்றுகொண்டே இருக்கிறார். நான் தைப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நேற்று என்னால் தாங்க முடியவில்லை. 'மடக்கு நாற்காலி வச்சிருந்தாளாம் அத்தான், பெரிய குடையும் இருந்துதாம், யாரோ டீகூடக் கொண்டுவந்து கொடுத்தாங்களாம்.' எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. குடையின் நிறம்கூட வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார்.

"இன்னும் வரலை அத்தான்" என்றேன்.

நின்றாயா, உட்கார்ந்தாயா? எனக்காக வேண்டாம், என்னை நம்பவும் வேண்டாம். ஒரு வார்த்தை மட்டும் எழுது. அதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், வாசித்துக் காட்டமாட்டேன்.

மாமா